விசில் நாயகனுக்கு, விழுப்புண் யாருக்கு?

மாடியிலிருந்து குதிக்கிறான் கதாநாயகன். மண்ணைத் தொடுமுன்னே இருவரை உதைக்கிறான். எழுந்து நின்று தலைமுடியைக் கோதிக்கொள்கிறான். கொட்டகை அதிர்கிறது. விசில் பறக்கிறது. கிழித்த காகிதம் பூமாரியாகப் பொழிகிறது. நாமும் அந்தக் கொட்டகையிலே உட்கார்ந்தவர்கள்தாம். நாமும் விசில் அடித்தவர்கள்தாம். அதற்காக வெட்கப்படவில்லை. பகலெல்லாம் பட்டறையிலும் படகிலும் உழைத்து அலுத்தவன், அநீதியை ஒருவன் அடித்து வீழ்த்துவதைத் திரையிலாவது கண்டு களிக்கிறான். அந்தக் களிப்பைக் குறை கூற நமக்கு மனம் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறோம். குதித்தது யார்?

நாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு, நாயகனின் கிராப்பைப் போல ஒரு டோப்பாவைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு, முகத்தைக் காமிராவுக்குக் காட்டாமல் ஒருவன் குதித்தான். முகம் தெரிந்துவிட்டால் அந்த டேக் வீண். மறுபடியும் மாடி ஏற வேண்டும், மறுபடியும் குதிக்க வேண்டும். தச்சன் தன் கைவேலையைக் காட்டிப் பெயர் வாங்குகிறான். நெசவாளி தன் புடவையை விரித்துக் காட்டுகிறான். தன் முகத்தை மறைத்தால்தான் கூலி என்றொரு தொழில் உலகத்திலே உண்டென்றால், அது இந்தத் தொழில்தான்!

ஸ்டண்டு நடிகர் என்பார்கள். சண்டைக் கலைஞர் என்பார்கள். படப்பிடிப்பிலே ஃபைட்டர் என்று கூப்பிடுவார்கள். நாயகனுக்குப் பதிலாக நின்றால் ‘டூப்’ என்பார்கள். டூப்பு விடுகிறான் என்றால் நம் ஊர்ப் பேச்சிலே பொய் சொல்கிறான் என்று பொருள். வேடிக்கையைப் பார்த்தீர்களா! அந்தப் படத்திலே அழுதவர் உண்மையாக அழவில்லை. செத்தவர் உண்மையாகச் சாகவில்லை. காதலித்தவர் உண்மையாகக் காதலிக்கவில்லை. உண்மையாக விழுந்தவன் ஒருவன்தான். அவனுக்கு வைத்த பெயர் டூப்பு!

காலாப்பட்டுக் கரையிலே நின்று தெற்கே பாருங்கள். இதே கடல்தான் கடலூரைத் தொட்டு, காரைக்காலைத் தொட்டு, நாகைக்குப் போகிறது. நாகை மாவட்டத்திலே கீழையூரை அடுத்து விழுந்தமாவடி என்றோர் ஊர். ஊரின் பெயரிலேயே வீழ்ச்சி இருக்கிறது! 2025ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், ‘வேட்டுவம்’ படத்திற்காக அங்கே ஒரு கார்ச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். காரை ஓட்டியவர் எஸ்.எம். ராஜு, மோகன்ராஜ் என்றும் அழைப்பார்கள். காஞ்சிபுரத்துக்காரர். வயது 52. காரைப் பறக்கவிடுவதிலே கைதேர்ந்தவர் என்று திரையுலகமே சொன்ன மனிதர். சாய்தளத்திலே வேகமாக ஏறிய கார் அந்தரத்திலே புரண்டு, தலைகுப்புற மண்ணிலே மோதியது. தூசி அடங்கியது. வழக்கம்போல் வெளியே வருவார் என்று பார்த்திருந்தார்கள். அவர் வரவில்லை.

வழக்குப் பதிவாயிற்று, இயக்குநர் பெயரும் அதிலே சேர்ந்தது. வழக்கு நீதிமன்றத்திற்கு உரியது. தீர்ப்பெழுத நாம் வரவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் முறைப்படியே செய்யப்பட்டிருந்தன என்று படக்குழு சொன்னது. அதையும் நாம் மறுக்கப் போவதில்லை. ஒப்புக்கொண்டே கேட்கிறோம்: முறைப்படி எல்லாம் செய்தும் ஒருவர் உயிர் போயிற்று என்றால், அந்த முறை என்ன முறை? அதை வகுத்தவர் யார்? எந்த அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டார்? காருக்குள்ளே இருக்க வேண்டிய இரும்புக் கூண்டு, தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் வார், கழுத்தைக் காக்கும் பட்டை, பத்தடி தூரத்திலே தயாராக நிற்க வேண்டிய மருத்துவர் — இவை இருந்தால்தான் காமிரா ஓடலாம், இல்லையென்றால் ஓடக்கூடாது என்று கட்டளையிடும் சட்டம் எது? ஆலையிலே புதிதாக ஒரு கொதிகலன் வைத்தால் பார்வையிட அதிகாரி வருகிறார். அந்தரத்திலே ஒரு மனிதனைப் பறக்கவிடும்போது பார்வையிட வருபவர் யார்?

இது முதல் சாவும் அல்ல. 2024 ஜூலையிலே, சென்னை சாலிகிராமத்துப் பிரசாத் படப்பிடிப்புத் தளத்திலே, ‘சர்தார் 2’ சண்டைக் காட்சிக்கான வேலையிலே இருபதடி உயரத்திலிருந்து விழுந்து மாண்டார் ஏழுமலை. 2022 டிசம்பரிலே, வண்டலூர்ப் பக்கம் ‘விடுதலை’ படப்பிடிப்பிலே கயிறு அறுந்து மாண்டார் சுரேஷ். மூன்றாண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை, மூன்று பிணங்கள்! ஓர் ஆலையிலே இப்படி நடந்திருந்தால் வாசலிலே கொடி ஏறியிருக்கும். கூட்டம் நடந்திருக்கும். சட்டமன்றத்திலே கேள்வி எழுந்திருக்கும். இங்கே என்ன நடந்தது? இரங்கல் அறிக்கை வந்தது. இரண்டு நாள் செய்தி வந்தது. மூன்றாம் நாள் படத்தின் முதல் பார்வை வெளியீடு!

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லப் புகுந்தால் அதன் வேர் நம் ஊரிலேயே தட்டுப்படுகிறது.

காலாப்பட்டிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985இலே பிறந்தது. அங்கே நிகழ்கலை கற்பிக்க ஒரு பள்ளியைத் தொடங்கியபோது அதற்குச் சங்கரதாசு சுவாமிகளின் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான பெயர். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்பட்ட அந்த மனிதர், 1922இலே கண் மூடியது இந்தப் புதுவை மண்ணிலேதான். அவரும் அவர் காலத்தவரும் வளர்த்துவிட்டவைதாம் பாய்ஸ் கம்பெனிகள். ஏழை வீட்டுப் பையன்கள் ஏழு வயதிலும் எட்டு வயதிலும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சோறு கிடைக்குமே என்று சேர்த்துவிட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! பாட்டு, வசனம், கூத்து, அதோடு கத்திச் சண்டை, கம்புச் சண்டை, குத்துச் சண்டை. அடி வாங்கித்தான் கற்றார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலே அப்படிக் கற்ற பையன்களிலே ஒருவர்தாம் எம்.ஜி.ஆர்.

பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாடத் தெரிந்தவன் பாட்டுக்காரன் ஆனான். பேசத் தெரிந்தவன் நடிகன் ஆனான். உடம்பு ஒன்றைத் தவிர வேறு மூலதனம் இல்லாதவன் ஸ்டண்டுக்காரன் ஆனான். சிலம்பக் கூடத்திலிருந்தும், கோதாவிலிருந்தும், சர்க்கஸ் கூடாரத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கோவையிலே உடற்பயிற்சி செய்து ‘சாண்டோ’ என்று பெயர் பெற்ற சின்னப்பா தேவர், சண்டை போடும் சிறு வேடங்களிலே தொடங்கி, 1956இலே ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்துப் பட முதலாளியே ஆனார். அவரைப்போல ஏறியவர்களை விரலிலே எண்ணிவிடலாம். ஏறாதவர்களை எண்ணப் புகுந்தால் விரல் போதாது, ஏடும் போதாது.

எண்ணிப் பாருங்கள். 1950இலே ‘மந்திரி குமாரி’, 1951இலே ‘மர்மயோகி’, 1956இலே ‘மதுரை வீரன்’, 1958இலே ‘நாடோடி மன்னன்’. வசனத்தைக் கேட்க வந்த கூட்டம் பெரிது. வாள்வீச்சைக் காண வந்த கூட்டமும் அதற்குச் சற்றும் சளைத்ததல்ல! கருத்தைச் சுமந்து சென்ற தேருக்கு வடம் பிடித்த கைகளிலே இந்தக் கைகளும் உண்டு. வில்லனின் ஆளாக நின்று, நாயகனின் கத்திக்கு முன்னே சுழன்று விழுந்து, அடுத்த நொடியே எழுந்து வேறொரு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் வெட்டுப்பட ஓடிவந்தானே, அவன் சரியாக விழாவிட்டால் நாயகனின் வீச்சுக்கு என்ன மதிப்பு? 1971இலே ‘ரிக்சாக்காரன்’ வந்தது. ரிக்சாவிலே அமர்ந்தபடியே கம்பு சுழற்றினார் எம்.ஜி.ஆர். அந்தக் கம்பு மண்டையிலே படாமல், ஆனால் பட்டதுபோலவே சாய்ந்தவர்களின் கணக்குத் தெரியாவிட்டால் அந்தச் சண்டை வெறும் கம்பாட்டம்தான். அடிப்பதைவிட அடிபடுவது கடினமான வித்தை, தோழர்களே! அந்த வித்தைக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

1959இலே சீர்காழியிலே ‘இன்பக் கனவு’ நாடகம். சண்டைக் காட்சியிலே குண்டுமணியைத் தூக்கியபோது எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. தமிழகமே தவித்தது. நியாயமான தவிப்புத்தான். மருத்துவர்கள் இருந்தார்கள், மக்கள் இருந்தார்கள், அவர் எழுந்துவரும்வரை படங்கள் காத்திருந்தன. அதே ஆண்டிலே ஒரு ஸ்டண்டு நடிகனின் கால் முறிந்திருந்தால்? மறுநாள் வேறொரு கால் வந்து நின்றிருக்கும்! எம்.ஜி.ஆர். தம்மோடு சண்டையிட்டவர்களைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு டூப்பாக நின்ற கே.பி. ராமகிருஷ்ணன், அவர் முதலமைச்சரானபோதும் மெய்க்காவலராக உடனிருந்தார், 2020இலேதான் மறைந்தார். ஆனால் ஒரு தலைவரின் நல்ல உள்ளத்தை நம்பி ஒரு தொழிலே வாழ முடியுமா? முடியாது என்று கண்டுதான் சங்கம் கட்டினார்கள். தென்னிந்திய ஸ்டண்டுக் கலைஞர்களின் சங்கம் 2017இலே பொன்விழாக் கொண்டாடியது. அந்தச் சங்கம் இல்லையென்றால் இன்று கிடைக்கும் கூலியும் கிடைத்திருக்காது.

இந்தக் கதை நம்முடையது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாங்காங்கைப் பாருங்கள். குங்ஃபூ படங்களைப் பார்த்து நம் பிள்ளைகள் தெருவிலே காலைத் தூக்குகிறார்களே, அந்தப் படங்களைத் தாங்கியவர்கள் யார்? அங்கேயும் ஒரு பாய்ஸ் கம்பெனி! பீக்கிங் இசைநாடகப் பள்ளி என்று பெயர். ஜாக்கி சானை ஏழு வயதிலே அங்கே சேர்த்தார்கள், பத்தாண்டு ஒப்பந்தம். விடியுமுன் எழுந்து குட்டிக்கரணம், தவறினால் பிரம்பு. பையன்கள் வளர்ந்து வெளியே வந்தபோது அந்த நாடகத்தைப் பார்க்க ஆளில்லை. எங்கே போனார்கள்? நம்மவர் போன இடத்திற்கே போனார்கள். 1973இலே புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ வந்து உலகை உலுக்கியது. அதிலே புரூஸ் லீ கழுத்தை முறித்துத் தள்ளும் அடியாள்களிலே ஒருவன் பெயர் தெரியாத ஜாக்கி சான்! நாயகனான பின்னும் அவர் ஸ்டண்டு நடிகராகவே இருந்தார். 1986இலே வந்த ஒரு படத்திற்காக மரத்திலே தாவப்போய், விழுந்து, மண்டையோடு உடைந்தது. தம் ஸ்டண்டுக் குழுவின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்றார். ஏன்? காப்பீட்டுக் கம்பெனிகள் அவர்களைக் கண்டாலே கதவைச் சாத்தின. சென்னையிலும் அதே கதை, ஹாங்காங்கிலும் அதே கதை!

கர்நாடகத்திலே நடந்ததைக் கேளுங்கள். 2016 நவம்பர் 7. பெங்களூரை அடுத்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். ‘மாஸ்தி குடி’ என்ற கன்னடப் படம். நாயகனும், அனில், உதய் என்ற இரு ஸ்டண்டு நடிகர்களும் ஹெலிகாப்டரிலிருந்து நீரிலே குதித்தார்கள். நாயகன் கரையேறினார். மற்ற இருவரின் உடல்கள்தாம் கரையேறின. குதிப்பதற்கு முன் தொலைக்காட்சிக்காரர்களிடம் அவர்கள் தங்கள் அச்சத்தைச் சொன்னார்கள். நீச்சல் அவ்வளவாகத் தெரியாது என்றும் சொன்னார்கள். சொன்ன பிறகும் ஏற்றினார்கள்! காலாப்பட்டு மீனவனைக் கேட்டுப் பாருங்கள். நீந்தத் தெரியாத பையனைப் படகிலே ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோய், “குதி தம்பி, கரையிலே பார்த்துக்கொள்கிறோம்” என்பானா? எழுதப் படிக்கத் தெரியாத மீனவனுக்குத் தெரிந்த நீதி, கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

சாகாதவர்கள் கதை என்ன? மொட்டை ராஜேந்திரனைத் திரையிலே கண்டதும் சிரிக்கிறோம். 2009இலே ‘நான் கடவுள்’ படத்தில் அவரைக் கண்டபோது நடுங்கினோம்; இப்போது சிரிக்கிறோம். அந்த மொட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்டண்டு நடிகராக இருந்த நாளிலே ஒரு மலையாளப் படத்திற்காக நீரிலே குதித்தார். ஆலைக் கழிவு கலந்த நீர் அது. அதன் பிறகு தலைமுடி கொட்டிப்போயிற்று என்று அவரே பேட்டிகளிலே சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்தத் தலையே அவருக்குப் பிழைப்புத் தந்தது என்பது அவர் திறமை. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? முறிந்த முட்டி எந்த இயக்குநரின் கண்ணிலே படும்?

பெண்களையும் மறந்துவிடக்கூடாது. 1975இலே வந்த ‘ஷோலே’ படத்தைப் பார்க்காதவர் குறைவு. குதிரை வண்டியை விரட்டிக்கொண்டு போகும் ஹேமமாலினியைக் கண்டு கை தட்டினார்கள். வண்டியிலே பல இடங்களிலே இருந்தவர் ரேஷ்மா பட்டான் என்ற பெண். வண்டி கவிழ்ந்து படுகாயப்பட்டவரும் அவரே. நம் பக்கத்திலே நாயகிக்குப் பதிலாகப் புடவை கட்டி, சவுரி வைத்து ஓர் ஆணைக் குதிக்க வைப்பதும் வழக்கமாகவே இருந்தது.

ராஜு மறைந்த சில நாளிலே ஒரு செய்தி வந்தது. இந்தி நடிகர் அக்சய் குமார், ஸ்டண்டுக் கலைஞர்கள் ஏறத்தாழ 650 பேருக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்தாராம். நல்ல மனிதர், வாழ்த்துகிறோம். ஆனால் ஒன்று புரியவில்லை. கோடிகள் புரளும் தொழிலிலே, தொழிலாளியின் உயிருக்குப் பிணை கொடுக்க ஒரு நடிகர் மனமிரங்க வேண்டுமா? நாளை அவர் மனம் மாறினால்? பஞ்சாலைத் தொழிலாளிக்கு முதலாளி தீபாவளிக்குத் துண்டு கொடுத்த காலமும் இருந்தது. துண்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தோமா? 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலையும், சங்கம் வைக்கும் உரிமையும் அதன் பிறகுதான் பிரெஞ்சிந்தியச் சட்டத்திலே ஏறின. எந்த முதலாளியின் இரக்கத்தாலும் ஏறவில்லை.

சட்டம் வந்துவிட்டதே என்பார் ஒருவர். 2025 நவம்பர் 21ஆம் நாள், ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முந்நூறு பேருக்குக் குறைந்த ஆலையிலே அரசின் அனுமதி கேளாமலே ஆட்குறைப்புச் செய்யலாம் என்று வழிவிடும் தொகுப்புகள் அவை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தது சரியே. ஆனால் அன்றைய அறிவிப்பிலே ஸ்டண்டுக் கலைஞர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள்: நியமனக் கடிதம் உண்டு, உரிய நேரத்திலே ஊதியம் உண்டு, கூடுதல் நேரத்திற்கு இரட்டைக் கூலி உண்டு என்றார்கள். கேட்க இனிக்கிறது! காலையிலே போன் வருகிறது, மாலையிலே விழ வேண்டும், இரவிலே கூலி. இந்த ஒரு நாள் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் எழுதப்போகிறவர் யார்? படக் கம்பெனியா, ஸ்டண்டு மாஸ்டரா, ஆள் பிடித்துவரும் ஏஜெண்டா? மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால், அந்தக் கடிதம் எந்தத் தபால்பெட்டியிலே விழும்?

விருது கொடுக்கிறார்களே என்பார் இன்னொருவர். கொடுக்கிறார்கள். இந்திய அரசு 2017இலே முதன்முறையாகச் சண்டைப் பயிற்சிக்குத் தேசிய விருதளித்தது. ‘புலிமுருகன்’ படத்திற்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். அமெரிக்காவின் ஆஸ்கார் கழகம்கூட, நூறாண்டை எட்டும்போதுதான் கண் விழித்து, 2028 விழாவிலிருந்து ஸ்டண்டுக்கு விருது என்று அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சி! மாஸ்டர்களின் உழைப்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. 2023இலே மறைந்த ஜூடோ ரத்தினம் நூற்றுக்கணக்கான படங்களுக்குச் சண்டை அமைத்தவர்; அவரிடம் பயின்றவர்களே ஒரு தலைமுறை மாஸ்டர்கள். ஆனால் மாஸ்டருக்கு விருது, விழுந்தவனுக்கு?

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி யாரும் விழ வேண்டாம் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நாயகன் காற்றிலே பறக்கும் காட்சிகளைப் பாருங்கள். கயிறு கட்டித்தான் பறக்கிறான். மறுமுனையிலே ஏழெட்டுப் பேர் கை காய்த்துப்போக இழுக்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்தக் கயிற்றை அழிக்கிறது. கயிற்றோடு சேர்த்து இழுத்தவனையும் அழிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை!

இனி நம் ஊருக்கு வருவோம். புதுவைத் தெருக்களும் கடற்கரையும் படக் கம்பெனிகளுக்குப் பிடித்த இடங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என்று வருகிறார்கள். 2011இலே ‘லைஃப் ஆஃப் பை’ எடுக்க அமெரிக்கக் கம்பெனியே வந்தது. வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. படப்பிடிப்புக்கு அனுமதி தருகிற அரசு, கட்டணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறது. அந்த மேசையிலேயே இன்னும் மூன்று காகிதங்களைக் கேட்டால் என்ன? சண்டைக் காட்சியிலே விழப்போகிற ஒவ்வொருவர் பெயருக்கும் எடுத்த காப்பீட்டுச் சீட்டு ஒன்று. காமிரா ஓடும் நேரமெல்லாம் மருத்துவரும் ஆம்புலன்சும் நிற்கும் என்ற உறுதிமொழி ஒன்று. காரும் கயிறும் கிரேனும் சோதிக்கப்பட்டதற்கு, விவரம் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்று இட்ட கையெழுத்து ஒன்று. மூன்றும் இருந்தால் அனுமதி. ஒன்று குறைந்தாலும் இல்லை. இதற்கு டில்லியைக் கேட்க வேண்டாம். ஒரு கோடி ரூபாய்த் திட்டமும் வேண்டாம். அனுமதிக் கடிதத்திலே மூன்று வரி சேர்த்தால் போதும்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சங்கரதாசரின் பெயரால் தொடங்கிய பள்ளியிலே, முதுமையிலே இருக்கும் ஸ்டண்டு நடிகர்களை அழைத்து உட்கார வையுங்கள். எப்படி விழுந்தார்கள், எதன்மேல் விழுந்தார்கள், அட்டைப் பெட்டியை எப்படி அடுக்கினார்கள், குதிரை மிரண்டால் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாள் பிடித்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை அதையே மறுபடியும் எலும்பை முறித்துக்கொண்டு கற்க வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு சொல். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே படப்பிடிப்பு வேன்கள் வரும். வேடிக்கை பார்க்கப் போவீர்கள், நாமும் வருவோம். நாயகனோடு படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், சாய்தளத்தின் பக்கம் போய் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் தயாரிப்பு மேலாளரிடம் கேளுங்கள். கேட்டும் வரவில்லையென்றால், காமிரா ஓடுவதற்கு முன்பே காலாப்பட்டுக் காவல் நிலையத்திலே ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.